பாறைக்கடியில் மியூவான் எண்ணும் கருவி: பொய்த் துடிப்பை விலக்குவது எப்படி

சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர செ.மீ. பரப்பில் நொடிக்குச் சுமார் 6,000 கோடி நியூட்ரினோக்கள் (எதோடும் அரிதாகவே மோதும், மின்சுமையற்ற நுண்துகள்கள்) பாய்கின்றன. கையில் தூக்கிச் செல்லும் கருவியில் அவை சிக்கா. முதலில் எண்ணக் கற்க வேண்டியது அண்டக்கதிர் மியூவான்: விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனத்த துகள். கடல் மட்டத்தில் கிடைப்பரப்பில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழும். ஒரு மீட்டர் பாறையைக் கடக்க அதற்குச் சுமார் அரை ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் செலவாகும். அதனால் கீழே போகப்போக எண்ணிக்கை சரியும். பாறையின் கதிரியக்கமோ, அது கருவியில் எழுப்பும் பொய்த் துடிப்போ குறையாது. ஆழத்தில் உண்மையான சிக்கலே இதுதான்.

தேவை: 10 × 10 செ.மீ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பாய்ந்தால் மினுங்கும் பொருள்) தகடுகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர் (அந்த மினுக்கத்தை மின் துடிப்பாக்கும் சென்சார்). தகடு 2 செ.மீ. தடிமன் இருக்கட்டும், இதில் சிக்கனம் வேண்டாம். 1 செ.மீ. தகட்டில் மியூவான் விடுவது சுமார் 2 எம்.இ.வி. (ஒரு எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்); பாறையிலுள்ள கதிரியக்கத் தாலியம்-208 விடும் காமாக் கதிரின் ஆற்றல் 2.6 எம்.இ.வி. இரண்டையும் பிரிக்க முடியாது. 2 செ.மீ. என்றால் மியூவான் 4 எம்.இ.வி.க்கு ஏறிவிடும்.

தகட்டை அசிட்டோனால் துடைக்காதீர்கள், மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விழும். விரல் படாமல் கையுறையோடு எடுத்து, சென்சாரை ஆப்டிகல் கிரீஸ் தடவி ஒட்டுங்கள். சாய்த்துப் பார்த்தால் காற்றுக்குமிழி வெள்ளிப் பொட்டாகத் தெரியும். தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். மேலே டெஃப்லான் டேப், அதன்மேல் கறுப்புத் தாள், கறுப்பு டேப். பிறகு டார்ச்சை மூலைகளில் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் ஒளி கசிகிறது.

மூன்றையும் அடுக்குங்கள், மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் 10 செ.மீ. இடைவெளி. 100 நானோநொடிக்குள் மூன்றும் துடித்தால் மட்டும் எண்ண வேண்டும். தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 20 முதல் 30 வரும். அந்தத் துடிப்பு உயரங்களை வரைபடமாக்கி, அதிகத் துடிப்புகள் குவியும் உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கில் வாசலை (அதற்குக் கீழான துடிப்பை எண்ணாமல் விடும் எல்லையை) வையுங்கள்.

இரண்டு தகடு போதாதா? தலா நொடிக்கு 20 பொய்த் துடிப்பு என்று வைத்தால், தற்செயலாக இரண்டும் சேர்வது 2 × 20 × 20 × 100 நானோநொடி: நாளுக்கு ஏழு. தரையில் இது கணக்கிலேயே வராது. இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்தில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு மியூவான்தான். உங்கள் 100 சதுர செ.மீ. தகட்டில் நான்கு நாளுக்கு ஒன்று! மூன்றாவது தகடு சேர்ந்தால் தற்செயல் ஏறத்தாழ ஒழிந்துவிடும். அந்த ஆழத்தில் சிறு கருவி வீண். சில பத்து மீட்டர் பாறைக்குள் அது நன்றாக உழைக்கும். 5 விழுக்காடு துல்லியத்துக்கு 400 எண்ணிக்கை சேரும்வரை ஓட்டுங்கள்.

ஆழச் சுரங்கம் வெப்பமானது. வகையைப் பொறுத்து, சென்சாரின் முறிவு மின்னழுத்தம் (அது துடிப்பு எழுப்பத் தொடங்கும் மின்னழுத்தம்) டிகிரிக்கு 20 முதல் 60 மில்லிவோல்ட் உயரும். மின்னழுத்தத்தை மாற்றாமல் விட்டால் துடிப்பு குறுகி, மியூவான்கள் வாசலுக்குக் கீழே தொலையும். ஈரத்துக்கு மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும்.

நியூட்ரினோ தேடும் பெரிய கருவி என்றால் தகடுகள் சுவர்போல நிமிர்ந்து நிற்க வேண்டும். வளிமண்டல மியூவான் கிடையாக வரப் பல மடங்கு பாறையைத் துளைக்க வேண்டியிருப்பதால், ஆழத்தில் அது மேலிருந்தே வரும். நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறக்கும் மியூவானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1965இல் கோலார் தங்கவயலில், 2.3 கி.மீ. ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோ பிடிபட்டது இப்படித்தான்: எதிரெதிரே இரண்டு சிண்டிலேட்டர் சுவர்கள், இடையே தடம் காட்டும் நியான் குழாய்கள்.