இரத்தப் புற்றுநோய்க்குப் புதிய மருந்து வந்ததாகக் கேள்விப்பட்டால்

முகநூலில் வந்த செய்தியோடு தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு வெளிக்கிடமுதல் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் எல்லாம் நோயாளியின் பக்கம் நிற்பதில்லை. கிருமியை விழுங்கவேண்டிய மக்ரோபேஜ் கலங்கள் என்பு மச்சைக்குள் புற்றுக்கலங்கள் வளர உதவலாம். எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் ரி-றெக் கலங்கள், புற்றைத் தாக்கவரும் ரி கலங்கள் என்ற வெள்ளைக் கலங்களை அடக்கும். புதிய மருந்துகள் சில இவற்றையே குறிவைக்கின்றன. ஆகவே "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று சீந்தில் கசாயம் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். சீந்தில் ஈரலைத் தாக்கிய பதிவுகள் உண்டு. கீமோ மருந்துகள் பலவும் ஈரலுக்குச் சுமைதான்.

முதலில் டயக்னோசிஸ் கார்ட்டில் நோயின் முழுப்பெயரைப் பாருங்கள். "பிளட் கான்சர்" என்பது போதாது. மொகாமுலிசுமாப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தோலில் வரும் இருவகை ரி-கல லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு மட்டும். மயலோமா என்ற மச்சைப் புற்றுநோய்க்காரருக்கு அது மருந்தல்ல.

அடுத்தது, பெருந்தொகை நோயாளிகளிடம் சோதிக்கும் மூன்றாம் கட்ட ஆய்வு முடிந்ததா, முடிவு என்ன என்று வைத்தியரிடம் கேளுங்கள். மக்ரோலிமாப் என்ற மருந்தின் கதை இதற்கு ஓர் உதாரணம். புற்றுக்கலம் "என்னைத் தின்னாதே" என்று காட்டும் சிடி47 அடையாளத்தை மறைத்து, மக்ரோபேஜைப் புற்றின்மேல் திருப்பிவிடும் மருந்து அது. ஆரம்ப ஆய்வுகளில் பெரிய நம்பிக்கை தந்தது. பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 2024இல் இரத்தப் புற்றுநோய்க்கான ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. முதற்கட்டச் செய்தியை நம்பிக் காணியை ஈடுவைக்க வேண்டாம். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை; முற்பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள்.

மச்சைப் பரிசோதனை, கலங்களை வகைபிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைற்றோமெற்றி, மரபணு அறிக்கைகள், கடைசி இரத்தப் பரிசோதனை, குடிக்கும் மருந்துகளின் பட்டியல்: எல்லாவற்றின் பிரதியும் கிளினிக் கொப்பியோடு ஒரே பிளாஸ்ரிக் உறையில் இருக்கட்டும். ஒரு அறிக்கை குறைந்தாலும் மருந்து பொருந்துமா என்று சொல்ல முடியாமல் போகலாம்.

புதிய மருந்தோ பழைய கீமோவோ, கிருமியோடு போராடும் கலங்களும் குறையலாம். இரத்த அறிக்கையில் நியூற்றோபில் என்ற வெள்ளைக் கலங்கள் ஒரு மைக்ரோலீற்றருக்கு 500க்குக் கீழே போனால் சின்னக் கிருமியும் சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் பரவலாம். வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்கவிடாதீர்கள்; மெலியோயிடோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் கிருமி ஈரமண்ணில் வாழ்கிறது. டிஜிற்றல் வெப்பமானி வீட்டில் இருக்கவேண்டும். 38 பாகை செல்சியஸ் காட்டினால் கிளினிக் திகதியைப் பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மாங்குளத்திலிருந்து மகரகமவுக்கு ஓடவும் வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எது கிட்டவோ அங்கே போய், வரிசையில் இருக்காமல் "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லிக் கார்ட்டைக் காட்டுங்கள்.