போர் மோட்டார் கேபிளில் வீணாகும் வாட்: கணக்கிடும் முறை

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் ஆயிரம் அடி போர் என்பது இப்போது சாதாரணம். மோட்டாருக்கு இறங்கும் கேபிளும் அதே நீளம். அதில் எவ்வளவு மின்சாரம் வெறும் சூடாகப் போகிறது என்பதை ஒரு க்ளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) வைத்தே கண்டுபிடிக்கலாம். அடிப்படை இவ்வளவுதான்:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்
வோல்ட் × ஆம்பியர் = வாட்

முதலில் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடில் பழகுங்கள். ராடைத் தண்ணீரில் மூழ்க வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். ஓடும்போதே வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். க்ளாம்புக்குள் ஃபேஸ் வயர் மட்டும் இருக்க வேண்டும். நியூட்ரலும் சேர்ந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து மீட்டர் பூஜ்யம் காட்டும்.

1500 வாட் ராட் 230 வோல்ட்டில் 6.52 ஆம்பியர் இழுக்கும். 230 ÷ 6.52 = 35.3 ஓம். லைன் கடைசியில் இருக்கும் ஊரில் சாயங்காலம் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் 190 ÷ 35.3 = 5.38 ஆம்பியர், 190 × 5.38 = 1022 வாட். வோல்ட் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, சூடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. வோல்ட்டோடு ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதுதான் காரணம்.

மோட்டாரில் இந்த வகுத்தல் செல்லாது. ஓடும் 5 எச்.பி. சப்மர்சிபிளில் 400 வோல்ட், 10 ஆம்பியர் இருந்தால் 40 ஓம் என்று விடை வரும். அது காயிலின் ரெசிஸ்டன்ஸ் அல்ல. சுழலும் மோட்டார் உண்டாக்கும் எதிர் வோல்ட்டும் அதில் கலந்திருக்கிறது. த்ரீ ஃபேஸுக்கு வாட் = 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர். இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் செலவாகும் பங்குதான் பவர் ஃபேக்டர். அது 0.8 என்றால் சுமார் 5540 வாட். 5 எச்.பி. என்பது 3730 வாட்தானே என்று குழம்ப வேண்டாம், அது ஷாஃப்டில் கிடைப்பது.

இனி கேபிள். 4 சதுர மி.மீ. செம்பு ஃப்ளெக்ஸிபிள் கேபிளுக்கு, 20 டிகிரியில், ஒரு கோருக்கு (கேபிளுக்குள் இருக்கும் மூன்று செம்பு வயர்களில் ஒன்று) கிலோமீட்டருக்கு 4.95 ஓம். ஆயிரம் அடிக்கு, அதாவது சுமார் 300 மீட்டருக்கு 1.485 ஓம். சூடாகப் போவது:

3 × ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = 3 × 10 × 10 × 1.485 = 445 வாட்

6 சதுர மி.மீ. போட்டால் 3.30 ஓம் கணக்கில் 297 வாட். போர் ஆழமாக இருந்தால் கேபிளில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

வோல்டேஜ் இறங்கினால் ராடைப் போல மோட்டார் குறைத்து இழுக்காது. அதே தண்ணீரைத் தூக்க வேண்டும் என்பதால் கூடுதல் ஆம்பியர் எடுக்கும். 12 ஆம்பியர் ஆனால் அதே 4 சதுர மி.மீ. கேபிளில் 641 வாட். ஆம்பியர் கூடியது 20 சதவீதம், சூடு 44 சதவீதம்! காயிலிலும் இதே கதைதான். லோ வோல்டேஜில் மோட்டார் கருகுவது இதனால்தான். ஓவர்லோட் ரிலேயை (ஆம்பியர் கூடினால் மோட்டாரை அணைக்கும் கருவி) நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் ஏற்றி வைத்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை.

காயிலைச் சோதிக்க மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றி, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டார் வயர்களைப் பிரித்த பிறகே ஓம் அளவில் மீட்டரை வையுங்கள். முதலில் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட வைத்து வரும் அளவைக் குறித்து, ஒவ்வொரு ரீடிங்கிலும் கழியுங்கள். ஜோடி ஜோடியாக மூன்று ரீடிங். மூன்றும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கோர், அதாவது 2.97 ஓம் கேபிளுடையது. மீட்டர் 5.9 காட்டினால் மோட்டாருக்கு 2.93தான். ஒரே வயர் சேரும் இரண்டு ஜோடிகளும் கூடுதலாகக் காட்டினால் மோட்டாரைத் தூக்கியதும் காயிலைப் பிரிக்காதீர்கள். முதலில் அந்த வயரின் கேபிள் ஜாயின்ட்டை அவிழ்த்துப் பாருங்கள்.