பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்காத ஜீப்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலைப் பார்த்த வாசலில் நிற்கும் என் ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப், ஒரு வாரமாகக் காலையில் 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். மீட்டரில் முழு சார்ஜுக்கான 12.6 வோல்ட் காட்டியதால் பேட்டரியைச் சந்தேகிக்கவே இல்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றியதில் இரண்டு நாள் போச்சு.

அப்புறம்தான் சாவியைத் திருப்பும்போதே மீட்டரைப் பார்த்தேன். பேட்டரி முனையிலேயே 8 வோல்ட்! சும்மா இருக்கும்போது சரி, சுமை ஏறினால் விழுகிறது; பேட்டரிதான் போயிருக்கிறது.

ராமநாதபுரம் போய் ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) மட்டும் பார்த்துப் புதுசு வாங்கி வந்தால், பிளஸ் முனை எதிர்ப்பக்கம், கேபிள் எட்டவில்லை. கடையில் அதை மாற்றும்போது முனை இருக்கும் பக்கம், பேட்டரி உட்காரும் தட்டின் அளவு, தயாரித்த மாதம், சி.சி.ஏ. (குளிரில் இன்ஜினைச் சுற்ற பேட்டரி சட்டென்று தரக்கூடிய ஆம்பியர்) எல்லாம் சரிபார்த்தேன். டீசல் இன்ஜினைச் சுற்ற அந்த சி.சி.ஏ. எண்தான் முக்கியம், கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை.

புதுசு மாட்டியும் இழுவை மந்தம். மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து செல்ஃப் அடித்தால் 1.5 வோல்ட் வழியிலேயே வீணாகிறது. அரை வோல்ட்கூட வரக்கூடாது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட் மேலே பளபளவென்று இருந்தது. கழற்றினால் அடியில் உப்புக்காற்று அரித்த பச்சைப் பொடி. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன்.

அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்பாடா!