குழுவாகச் சைக்கிளில் சென்று கூடாரத்தில் தங்குவது எப்படி? வெள்ளவத்தையிலிருந்து மாரவில வரையான முதல் நாள்

நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்குப் புதிதாக வருபவர்கள், ஒரு நாளில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாலையில் கூடாரங்கள் எத்தனை மணிக்கு அடித்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும்? அந்த நேரத்தை முடிவுசெய்துகொண்டு பின்னோக்கி எண்ணி வந்தால், எப்போது புறப்படுவது, எங்கே இளைப்பாறுவது, எவ்வளவு தூரம் செல்வது என்பன எல்லாம் தாமாகவே தெளிவாகும்.

படி 1: மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இலங்கையின் மேற்குக் கரையில் மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களையே தெரிவுசெய்யுங்கள். அக்காலத்தில் மாலை 6 மணி கழிந்த சிறிது நேரத்தில் சூரியன் மறைந்து, விரைவாகவே இருட்டிவிடும். ஆகவே 5 மணிக்குள் கூடாரங்கள் நிற்க வேண்டும். அதற்கு 4 மணிக்கு இடத்தை அடைய வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் 11 மணி முதல் 2.30 வரை ஓடக்கூடாது. எனவே கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்து, நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள மாரவில வரையான ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் 50 கிலோமீற்றரை முற்பகலிலேயே முடிக்க வேண்டும் என்பதும், அதற்காக அதிகாலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கின்றன.

படி 2: சுமையேற்றி ஒருமுறை ஓடிப் பாருங்கள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிறேக்கும் செயினும் சீராக இருக்கும் ஒரு லுமாலா சைக்கிளே இந்தச் சமதரைப் பாதைக்குப் போதும். பாரமான பொருட்களைக் கரியரின் இரு பக்கப் பைகளிலும் அடியில் சமமாக வைத்து, கூடாரத்தை மேலே இறுக்கிக் கட்டுங்கள். முதுகில் பை சுமந்து ஓட வேண்டாம். இரண்டு மணித்தியாலத்தில் தோள் வலிக்கத் தொடங்கிவிடும். ஒட்டுப்போடும் சாமான்கள், பம்ப் ஆகியவை குழுவுக்கு ஒன்றாவது இருக்கட்டும். ரியூப் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், மாற்று ரியூபை மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் சில்லுக்குப் பொருத்தமாகக் கொண்டுவர வேண்டும். முன்னும் பின்னும் விளக்கில்லாத சைக்கிளை அதிகாலையில் வீதிக்கு இறக்கக்கூடாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர், முழுச் சுமையோடும் 25 கிலோமீற்றராவது ஓடிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: நகரத்தை விட்டு வெளியேறுங்கள்

மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடலை அடைந்து, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஊடாகக் களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஹெந்தளை வரும். கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. பழைய நீர்கொழும்பு வீதியோ லொறிகளும் பஸ்களும் நெரியும் வீதி. அதனால் பமுணுகம வழியாகச் செல்லும் கரையோர வீதியையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பு நிலமுமாக, 1804 இல் வெட்டி முடிக்கப்பட்ட ஹமில்டன் கால்வாயை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில், வெயில் ஏறுவதற்கு முன்னரான காலை நேரத்துக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

படி 4: வரிசையைக் காப்பாற்றுங்கள்

புதிய குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். எங்கள் முதலாவது பயணத்தில் வேகமான மூவரை முன்னால் விட்டோம். நீர்கொழும்பைத் தாண்டுவதற்குள் முதலாமவருக்கும் கடைசியாக வந்த தங்கைக்கும் இடையில் நான்கு கிலோமீற்றர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒட்டுச் சாமான் முன்னால் போனவரின் பையில் இருக்க, காற்றுப் போனது பின்னால் வந்தவரின் சில்லில். அன்று கூடாரம் அடிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

அதன்பின் நாங்கள் மாற்றாத ஒழுங்கு இது: மெதுவாக ஓடுபவர் முன்னாலிருந்து இரண்டாவதாக வர, அவருடைய வேகத்துக்கு ஏற்ப முதலாமவர் ஓடுவார். அனுபவமும் ஒட்டுச் சாமானும் உள்ளவர் கடைசியில் வருவார். எவரும் அவருக்குப் பின்னால் தங்கக்கூடாது. வீதியின் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு சைக்கிள் நீள இடைவெளி விட்டு ஓடுங்கள். முன்னால் செல்பவர் பள்ளத்தைக் கண்டால் “பள்ளம்!” என்று குரல் கொடுக்க வேண்டும், அடுத்தடுத்தவர் அதைத் திரும்பச் சொல்லிக் கடைசி ஆள் வரை கொண்டுசெல்ல வேண்டும். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒருபோதும் நுழையாதீர்கள். இறங்குபவர்கள் நேரே உங்கள் முன்னால்தான் கால் வைப்பார்கள். ஒவ்வொரு சந்தியிலும் திரும்புவதற்கு முன்னர், கடைசி ஆள் கண்ணில் படும்வரை காத்திருங்கள்.

படி 5: நண்பகலைக் கடத்துங்கள்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சில மிடறு தண்ணீர் குடியுங்கள். வெயிலில் ஓடும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வழியெங்கும் கிடைக்கும் செவ்விளநீரும், பையில் இரண்டு பக்கற் ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சத்துத் தூள்) உதவும். காலை உணவுக்குப் பாணும் பருப்பும் சம்பலும் சரியாக இருக்கும். கொச்சிக்கடையை அண்மித்ததும் நிழலான இடம் பார்த்து, உரியவர்களிடம் கேட்டு இளைப்பாறுங்கள். சோற்றுப் பார்சலை அங்கே, ஓய்வு நேரத்தின் தொடக்கத்திலேயே உண்டுவிட வேண்டும். வயிறு நிறைந்தவுடன் சைக்கிள் ஏறினால் கால் ஓடாது.

படி 6: கூடாரம் அடியுங்கள்

மாரவிலப் பக்கம் தென்னந்தோட்டங்கள் நிறைந்த பகுதி. தோட்ட உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வழியில் எங்காவது இடம் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். தென்னைக்கு நேர் கீழே கூடாரம் அடிக்கவே கூடாது. இருட்டில் அடித்த அந்த முதல் இரவில், எங்கள் கூடாரத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் காய்ந்த மட்டையொன்று விழுந்தது. தேங்காய் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். மரங்கள் இல்லாத வெட்டவெளியைத் தேடி, பொச்சுமட்டைக் குவியலுக்கும் உயர்ந்த புல்லுக்கும் விலகி நில்லுங்கள். புடையன் பாம்பு அத்தகைய இடங்களில் பதுங்கும். இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே காலெடுத்து வைக்க வேண்டாம்.

ஒரு பகுதியினர் கூடாரம் அடிக்கும்போதே மற்றவர்கள் சமையலைத் தொடங்கலாம். சோறும் பருப்பும், வழியில் நீர்கொழும்பில் வாங்கிய கருவாடும் எட்டுப் பேருக்கு ஒரு மணித்தியாலத்தில் தயாராகிவிடும். படுக்கப் போகுமுன் எல்லா ரயர்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெதுவாகக் காற்று இறங்கும் ரியூபை அந்த இரவிலேயே ஒட்டிவிட்டால், மறுநாளும் 5 மணிக்கே புறப்படலாம்.