கம்பியில குத்தின பழைய கடுதாசி: கை வைக்குறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு தம்பி பை நிறைய கடுதாசி கொண்டு வந்தாரு, அவங்க தாத்தாவோட அப்பா காலத்துது, 1900 சுமாருக்கு எழுதினது. கார்டு தனியா கவர் தனியா பிரிச்சு, பிளாஸ்டிக் ஃபோல்டர்ல போட்டு, பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. கம்பி எங்க தம்பின்னு கேட்டேன். அது துருப்பிடிச்சு கிடந்துச்சுண்ணே, பழைய இரும்புக்காரருக்கு போட்டுட்டேன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, ஏன்னா பதினெட்டு வருஷம் முன்னாடி நான் பண்ணினதும் இதே காரியம்தான். கை கழுவிட்டு தொடுங்க, வெயில்ல காய வைக்காதீங்க மாதிரியானதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன். நல்லதுன்னு நினைச்சு செய்யுற தப்பை மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

கம்பியில இருந்து கழட்டி அடுக்குறது

நம்ம வீடுகள்ல கடுதாசி வந்தா படிச்சு முடிச்சு கம்பியில குத்திருவாங்க. அடியில ஒரு கட்டை வட்டு, மேல கொக்கி, உத்தரத்துலயோ ஆணியிலயோ தொங்கும். ஒவ்வொண்ணும் மேலருந்து குத்துறதால அடியில இருக்குறது பழசு, மேல இருக்குறது புதுசு. அந்த வரிசைதான் உங்க கையில இருக்குற பெரிய சொத்து, கடுதாசியில எழுதியிருக்குறதை விட சில நேரம் பெருசு.

ஏன்னு சொல்றேன். தேவகோட்டை பக்கம் எங்க அப்பத்தா வீட்டுல, அவங்க தாத்தா ரங்கூன்ல கடையில இருந்து எழுதின கடுதாசி ஒரு கம்பி இருந்துச்சு, தொண்ணூத்தி நாலு. ஆசையில ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் உருவி, தூசி தட்டி, தேதி வாரியா அடுக்கலாம்னு உட்கார்ந்தா, வருஷம் போட்டிருந்தது முப்பத்தொண்ணுலதான். மிச்சத்துல எல்லாம் "ஆவணி ௴ ௰௨ ௳" அவ்வளவுதான், அதாவது ஆவணி மாசம் 12ந் தேதி. எழுதுறவருக்கும் படிக்குறவருக்கும் என்ன வருஷம்னு தெரியும், அப்புறம் எதுக்கு எழுதணும்? எந்த ஆவணின்னு சொல்ல வேண்டியது மேலயும் கீழயும் இருந்த கடுதாசிதான், அதை நான் கலைச்சுட்டேன்.

அதுல ஒரு கார்டு, ஆடி 9. "குழந்தை விஷயம் அறிந்து மனம் ஒரு நிலையில் இல்லை, வீட்டில் தைரியம் சொல்லவும்." எழுதின அந்தத் தாத்தாவுக்கு ரெண்டு குழந்தை தவறியிருக்கு, ஒண்ணு மூத்தது, ஒண்ணு நடுவுல. இந்த கார்டு எந்த குழந்தைக்குன்னு அப்பத்தா கேட்டாங்க. தபால் முத்திரையில மை இழுவிப் போயிருந்துச்சு. காலையில கேட்டிருந்தா கம்பியைப் பார்த்து சொல்லியிருப்பேன், சாயங்காலம் சொல்ல முடியல, அவங்க போற வரைக்கும் சொல்ல முடியல.

அதனால மொதல்ல கம்பியோட ஃபோட்டோ எடுங்க, அப்புறம் மேலருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஓரத்துல பென்சில்ல மெலிசா நம்பர் போடுங்க, பேனா கூடவே கூடாது. ஏற்கனவே கலைச்சுட்டீங்கன்னா, பூச்சி அரிச்ச ஓட்டையைப் பாருங்க. பூச்சி ஒரு கடுதாசியோட நிக்காது, நேரா அடுத்ததுக்குள்ள போகும், அதனால பக்கத்து பக்கத்துல இருந்ததுல ஓட்டை ஒரே இடத்துல, கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகிட்டே போகும். வெளிச்சத்துக்கு எதிரா வச்சு, கம்பித் துளையைச் சுத்தி இருக்குற துருக்கறையையும் பொருத்திப் பார்த்து, நாலு மாசத்துல நாப்பது கடுதாசியை நான் திரும்ப வரிசைக்கு கொண்டு வந்தேன். அந்த ஆடி கார்டுல பூச்சி ஓட்டையே இல்ல.

தமிழ் வருஷத்தை அப்படியே இங்கிலீஷ் வருஷமா மாத்துறது

சார்வரின்னா 1900ன்னு போட்டுடுறாங்க. சித்திரையில இருந்து மார்கழி பாதி வரைக்கும்தான் 1900, சார்வரி தை 12ன்னா அது 1901 ஜனவரி கடைசி. அதோட அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேர் வரும், 1960ம் சார்வரிதான். கால் அணா கார்டா நயா பைசாவான்னு பார்த்தாலே இது தீர்ந்துரும். ஸ்டாம்ப்புல ராணி தலையா ராஜா தலையான்னும் பாருங்க, விக்டோரியா 1901 ஜனவரியில இறந்துட்டாங்க, அடுத்த ராஜா எட்வர்ட் தலை போட்டது அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ஆனா ஸ்டாம்ப்பை மட்டும் வச்சு ரங்கூன்ல போட்டதா ஊர்ல போட்டதான்னு சொல்லிட முடியாது, 1937 வரைக்கும் பர்மா இந்தியாவோடதான் சேர்ந்திருந்துச்சு, முத்திரையில ஊர் பேரைத்தான் படிக்கணும்.

கவரை தூக்கிப் போடுறது

போடாதீங்க. தேதி அதுலதான் இருக்கு.

லேமினேஷன், செலோடேப்

வேண்டாம். ரெண்டையுமே திரும்ப எடுக்க முடியாது.

இன்னைக்கு தமிழ் மாதிரி படிக்குறது

புள்ளி வைக்க மாட்டாங்க, குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் இருக்காது, துணைக்காலும் ர-வும் ஒண்ணு மாதிரி இருக்கும். "பொன மாசம அனுபபினது"ங்கிறதை பொன் அனுப்பினதா படிச்சு ஒரு வீட்டுல நகை கணக்கே பேச ஆரம்பிச்சுட்டாங்க, அது போன மாசம். ஒரு வார்த்தையை ரெண்டு மூணு விதமா வாய்விட்டு படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் டைப் பண்ணுங்க, டைப் பண்ணும்போது திருத்தாதீங்க.

புருஷன் பொண்டாட்டிக்குள்ள அன்பே இல்லன்னு முடிவு பண்றது

காதல் கடிதம் தேடுறவங்க பாதியில சலிச்சு வச்சிடுறாங்க, எல்லாம் க்ஷேமம், அரிசி, வட்டி, நமஸ்காரம்னு இருக்குன்னு. அப்போ கல்யாணத்துக்கு அப்புறம்தான் பழக்கமே. பாரதியாருக்கு 1897ல கல்யாணம் ஆனப்ப செல்லம்மாவுக்கு ஏழு வயசு. காசியில இருந்து அவர் எழுதின கடிதத்துல காதலின்னு கூப்பிட்டுட்டு அடுத்ததா ஆசீர்வாதம் சொல்றாரு, கவலையா இருக்குற நேரத்துல தமிழ் படின்னு சொல்றாரு. கூச்சமில்லாம காதலின்னு எழுத அவரால முடிஞ்சுது. மத்தவங்க எழுதினது கார்டுல, தபால்காரர்ல இருந்து மாமனார் வரைக்கும் படிப்பாங்க, பல வீட்டுல பொண்டாட்டிக்கு எழுத்தே தெரியாது, யாராச்சும் சத்தமா வாசிச்சு சொல்லணும். அதனால பேர் எழுத மாட்டாங்க. "வீட்டில்"னு வந்தா அது வீடு இல்ல, அவங்கதான்.

கார்டோட ஓரத்தைப் பாருங்க, இடம் தீர்ந்து பக்கவாட்டுல பொடி எழுத்துல எழுதியிருக்குறதை. எங்க கம்பியில ஒரு கார்டு, ரங்கூன் தாத்தா தன்னோட அப்பாவுக்கு போட்டது, பூரா ஹுண்டி, அதாவது பணம் மாத்துற சீட்டு, கணக்கு. எல்லாம் முடிஞ்சு கையெழுத்தும் போட்டப்புறம், கார்டைத் திருப்பி வச்சு ஓரத்துல எழுதியிருக்காரு: "வீட்டில் பல்வலி தேவலையா."