மீசைக்காரர்களும் படிக்க வேண்டிய ஸ்கூபா குறிப்பு

ஸ்கூபான்னா (முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள முங்கறது) அந்தமான் போயே ஆகணும்னு இல்லைங்க. சேலத்துல இருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம்னு கார்ல நாலு மணி நேரம், புதுச்சேரி வந்துடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் வேண்டாம், மழைக்காலக் கடல். பத்து வயசு நிரம்பியிருக்கணும். முதல் தடவைக்கு நீச்சல் தெரிஞ்சே ஆகணும்னு இல்ல. 12 மீட்டரைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகமாட்டாங்க, பயிற்சியாளர் பக்கத்துலயே இருப்பார்.

முதல்ல ஒரு உடல்நலப் படிவம் தருவாங்க. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது ஆபரேஷன் எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க"ன்னு யாராவது சொன்னா அந்த இடமே வேண்டாம், வேற ஆளைப் பாருங்க. சளி இருந்தா தேதியைத் தள்ளிப் போடுங்க.

எல்லாரும் சுறாவைப் பத்திக் கேட்கறாங்க, காதைப் பத்தி யாரும் கேட்கறதில்ல. ஏற்காட்டுல இருந்து இறங்கறப்ப காது அடைக்குமே, தண்ணிக்குள்ளயும் அதேதான். ஆனா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கறதுக்குள்ள கூடற அழுத்தம், கடல்ல ஒன்றேகால் மீட்டர் இறங்கினாலே கூடிடும். பத்து மீட்டர்ல மேலே இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. அதனால அடுத்த தடவை மலை இறங்கறப்பவே பழகிக்கோங்க (வண்டி ஓட்டறவர் வேண்டாம்!). மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மூக்கு வழியா விடற மாதிரி மெதுவா ஊதுங்க. உள்ளே 'பொட்'டுனு திறக்கும். கடல்ல தலை முங்கினதுமே ஆரம்பிச்சு, வலிக்கறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்பச் செய்யணும். வலிச்சா முக்கி ஊதாதீங்க, செவிப்பறை கிழிஞ்சிடும். விரிச்ச கையை அப்படியும் இப்படியும் ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டுங்க. பயிற்சியாளர் கொஞ்சம் மேலே கூட்டிட்டுப் போவார், அங்கே மறுபடி ஊதிப் பாருங்க.

ரெகுலேட்டரை (சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டுவர்ற கருவி) கடிச்சதும் மூச்சை அடக்கத் தோணும். கூடவே கூடாது. மேலே வர்றப்ப நுரையீரல்ல இருக்கற காத்து விரியும், வெளியேற வழி இல்லைன்னா நுரையீரலே கிழியும். இழுத்து விடுங்க, விடறது நீளமா இருக்கட்டும்.

அடுத்தது மாஸ்க். எங்க வீட்டுக்காரர் மீசையைத் தொட விடமாட்டார். மாஸ்க்கோட ரப்பர் ஓரம் முடி மேல உட்கார்ந்தா தண்ணி ஒழுகும். கடைசியில மூக்குக்குக் கீழே மட்டும் மெல்லிசா ஒரு கோடு வழிச்சுக்கிட்டார், மீசைக்கு ஒண்ணும் ஆகல. அப்படியும் தண்ணி வந்தா, மேல் விளிம்பை அழுத்தி, முகத்தை லேசா நிமிர்த்தி, மூக்கால ஊதுங்க, போயிடும்.

கட்டைவிரலை உயர்த்தினா 'மேலே போகணும்'னு அர்த்தம். மீனைப் பார்த்த குஷியில சூப்பர்னு காட்டினீங்கன்னா பயிற்சியாளர் நேரா படகுக்கே கொண்டுபோய் விட்டுடுவார். நல்லா இருக்கேன்னு சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாச் சேர்த்துக் காட்டணும்.

காலையில ரெண்டு இட்லி போதும். வழிக்குன்னு கட்டிட்டு வந்த தட்டுவடை செட்டைக் கரைக்கு வந்தப்புறம் பிரிங்க, நின்னு ஆடற படகு வயித்தைப் புரட்டிடும்.

முங்கி எழுந்த அன்னிக்கே விமானம் ஏறாதீங்க. ஒரு தடவை முங்கியிருந்தா குறைஞ்சது 12 மணி நேரம், பல தடவைன்னா 18 மணி நேரம் விடணும். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும், உயரத்துல காத்தழுத்தம் குறைஞ்சா அது குமிழா மாறும். சேலம் வரைக்கும் கார்ல வந்தா பிரச்சனை இல்ல. ஏற்காடு 1500 மீட்டர், அதனால அன்னிக்கு ராத்திரி அங்கே ரூம் போடாதீங்க. வெளியூர்ச் சொந்தக்காரங்க ரெண்டையும் ஒரே பயணத்துல கேட்டா, மலையை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க.