கார்த்திகையில் வெட்டினால் பங்குனியில் பூ

மல்லிகை பூக்கவே மாட்டேன் என்கிறது என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது, "போன கார்த்திகையில் வெட்டினீர்களா?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. பச்சைப்பசேல் என்று நிற்கிற செடியில் கத்தி வைக்க யாருக்கு மனசு வரும்?

எனக்கும் வரவில்லை. கல்யாணமாகி மதுரைக்கு வந்த வருஷம், ஒரு நாள் காலையில் அத்தை அரிவாளோடு முற்றத்தில் இறங்கினார். இடுப்பளவு நின்ற குண்டுமல்லியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்து, மிச்சமிருந்த இலைகளையும் உருவிப் போட்டார். அதற்கு முன்னாலேயே பத்து நாளாக என்னை வாளியைத் தொட விடவில்லை. செடி செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். பங்குனியில் பார்த்தால் கொம்புக்குக் கொம்பு மொட்டு. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய குச்சியை வைத்துக்கொண்டு பூவைக் கேட்டால் அது எங்கே போகும்?

நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு நாளாகப் பாருங்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே வெட்டிவிடலாம். தொட்டிச் செடியென்றால் ஒரு அடி போதும். காய்ந்ததையும், நெருக்கியடித்து நிற்கிற குச்சிகளையும் அடியோடு எடுத்துவிடுங்கள். அப்புறம் வேரைச் சுற்றி லேசாகக் கிளறி, மக்கிய தொழுவுரம் இரண்டு கை போட்டு, துளிர் கிளம்பியதும் வழக்கம்போல் தண்ணீர் விடலாம். ஆறு மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் மல்லிகை வைக்கவே வேண்டாம்.

எங்கள் ஊர் மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாற்றுக்கு ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற தங்கச்சிமடம்தான் பேர்போனது. இதைச் சொன்னால் மதுரைக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள்.

போர் தண்ணீர் விடுகிற வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு: இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறை. உரம் கொட்டினால் தீராது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு, கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். சுவரில் பட்டால் துருக்கறை போகாது, அனுபவம்.

ஆடியில் காற்று சாத்தும். உயரமான தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்துங்கள். டிசம்பர் பூவுக்குக் குச்சி ஊன்ற அதுதான் நேரம். டெல்லி கனகாம்பரத்தையும் குச்சியில்தான் வளர்க்க வேண்டும். அது விதை கட்டாது. தெரியாமல் நான் ஒரு வருஷம் முழுக்க விதைக்காகக் காத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் தொட்டியின் அடியில் இருக்கிற துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், மண் அடைத்திருக்கும். அடித்தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொசுவுக்குத்தான் தொட்டில். வீட்டுக்குள் இருக்கிற மணி பிளான்ட்டுக்கும் மருளுக்கும் (ஸ்நேக் பிளான்ட்) அப்போது தண்ணீரே விடாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். நான் பாசத்தில் தினமும் ஊற்றி ஒரு மருளைக் கொன்றேன். இழுத்தபோது அழுகின முட்டைக்கோஸ் வாடையோடு கையோடு வந்தது.

சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் விட்டுவிடுங்கள். பறவைகளுக்கு அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கல். தினமும் கழுவி மாற்ற வேண்டும். புதருக்கு ஒட்டி வைக்காதீர்கள், பூனை அதற்குள்தான் பதுங்கும். எங்கள் வீட்டில் முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழெட்டுப் பேர், ஒரே சண்டை. கொண்டைக்குருவி கொஞ்சம் கௌரவம் பார்த்துப் பின்னால் வரும்.

போன பங்குனியில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. இதற்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கினால்தான் தண்ணீரோடு சேரும். கலந்து எடுத்துக்கொண்டு போனேன். கிளையில் சிலந்தி நூலில் சிக்கின குப்பை ஒன்று தொங்கியது. பிய்த்து எறியலாம் என்று கை நீட்டினால், குப்பையின் பக்கவாட்டிலிருந்து வளைந்த அலகு ஒன்று எட்டிப் பார்த்தது. தேன்சிட்டு. நாரும் பட்டைத் துணுக்கும் வைத்துப் பின்னின பை. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம்கூட இறக்கியிருந்தது.

தெளிப்பானை உள்ளே வைத்துவிட்டேன். எட்ட இருந்த கிளைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன், அடித்தண்டில் ஏறிய எறும்பைத் தடுக்கத் துணி சுற்றி வேப்பெண்ணெய் தடவினேன். மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி சுமப்பது எறும்புதான். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சுக்கு இறக்கை முளைக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். கூடு காலியாகி ஒரு வாரம் பொறுத்துத்தான் அந்தக் கிளையை வெட்டினேன். அதற்குள் மாவுப்பூச்சி பக்கத்துக் கொய்யாவுக்குத் தாவியிருந்தது. சரி, அதில் யாரும் குடியில்லை. தெளிப்பானை எடுத்துக்கொண்டேன்.